தர்மபுரியில் இருந்துகொண்டு வேற்றுலகம் தேடுவது: அதிகம் அறியப்படாத அறிவியல் புனைகதை, மிகுபுனைவு (ஃபேன்டஸி) நாவல்களுக்கு ஒரு வழிகாட்டி

தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஒரு புத்தகக் கடையில் போய் "சயின்ஸ் ஃபிக்‌ஷன் நாவல் இருக்குங்களா?" என்று கேட்டால் சுஜாதாவை எடுத்துத் தருவார்கள். தொடங்குவதற்கு அதைவிட நல்ல ஆள் கிடையாது. ஆனால் அவரை முடித்துவிட்டு அடுத்து எங்கே போவது என்று கேட்டால் கடைக்காரரிடம் பதில் இருக்காது. இணையக் கடைகளிடமும் இருக்காது. "இதை வாங்கியவர்கள் அதையும் வாங்கினார்கள்" என்ற வரி, ஏற்கெனவே பலர் வாங்கியதை மட்டுமே காட்டும். நூறு பேர் மட்டும் படித்த நாவல் அந்தக் கணக்கில் விழவே விழாது.

அப்படிப்பட்ட நாவல்களைத் தேட என் வழி ஒன்றுதான்: பட்டியலை விட்டுவிட்டு ஆளைப் பிடியுங்கள். மறந்துபோன ஒவ்வொரு நல்ல புத்தகத்துக்குப் பின்னாலும் அதை விடாமல் தூக்கிப் பிடித்த ஒருவர் இருப்பார். பதிப்பாசிரியர், மொழிபெயர்ப்பாளர், ஆய்வு மாணவர், பழைய புத்தகக் கடைக்காரர் என்று யாராகவும் இருக்கலாம். ஹோப் மிர்லீஸ் என்ற ஆங்கிலேயப் பெண் 1926இல் 'லட்-இன்-த-மிஸ்ட்' என்று ஒரு மிகுபுனைவு எழுதினார். தேவதை நாட்டுப் பழங்கள் ஓர் ஒழுக்கமான வணிக ஊருக்குள் கள்ளக்கடத்தலாக வந்து சேரும் கதை. வந்த வேகத்தில் மறைந்தும் போனது. 1970இல் லின் கார்ட்டர் என்ற பதிப்பாசிரியர் தன் வரிசையில் அதை மறுபடி அச்சிட்டார். ஆசிரியர் உயிரோடு இருக்கிறாரா என்பதுகூட அந்தப் பதிப்பகத்துக்குத் தெரியாது. அவரோ 1978 வரை வாழ்ந்தார். இன்று அந்த நாவலைக் கொண்டாடுகிறவர்கள் பலர் அந்த மறுபதிப்பு வழியாக வந்தவர்கள். கார்ட்டர் பெயர் தெரிந்தால் அந்த ஒரு நாவலோடு நிற்காது, அவர் மீட்டெடுத்த ஒரு வரிசையே கிடைக்கும்.

இனி வேலைக்கு வருவோம்.

முதல் படி: உங்களுக்குப் பிடித்தது எது என்று குறுகலாகச் சொல்லுங்கள்

"எனக்கு சயின்ஸ் ஃபிக்‌ஷன் பிடிக்கும்" என்பது தேடலுக்கு உதவாது. பிடித்த ஒரு நாவலை எடுத்துக்கொண்டு அதில் எது இழுத்தது என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அந்த வாக்கியம் சரியாக அமைந்தால் பாதித் தேடல் முடிந்தது.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' பிடித்ததா? அதில் இழுத்தது ஜீனோ என்ற நாய் என்றால் ஒரு வழி. எல்லாவற்றையும் கண்காணிக்கும் அரசு என்றால் வேறு வழி. இரண்டாவதுதான் என்றால் யெவ்கெனி ஜமியாத்தின் எழுதிய 'வீ' நாவலுக்குப் போங்கள். மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான்; வீட்டுச் சுவரெல்லாம் கண்ணாடி. ரஷ்ய மொழியில் எழுதப்பட்ட அந்த நாவல் 1924இல் ஆங்கிலத்தில் முதலில் வந்தது. சோவியத் நாட்டில் அச்சேற 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கும் பக்கத்து வீடு, ஸ்வீடன் எழுத்தாளர் காரின் போயே 1940இல் எழுதிய 'கலோகைன்'. மனதில் இருப்பதை அப்படியே கக்கவைக்கும் மருந்தைக் கண்டுபிடித்த ஒரு விசுவாசமான விஞ்ஞானி தன் கதையைத் தானே சொல்கிறான். அளவில் சிறிய நாவல். எதேச்சாதிகாரம் பற்றிய நாவல் என்றதும் எல்லோரும் சொல்லும் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலைவிட இது எனக்கு நெருக்கமானது.

ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' பிடித்ததா? அதன் தத்துவ விவாதங்களைத் தாண்டி, அந்தப் பிரம்மாண்டமான கோயில் நகரமும் அதன் சடங்குகளும்தான் இழுத்தன என்றால் மெர்வின் பீக்கின் 'டைட்டஸ் குரோன்' (1946) உங்களுக்காகவே எழுதப்பட்டது. ஒரு முடிவில்லாத கோட்டை, எதற்கென்றே மறந்துபோன சடங்குகள், சமையலறையிலிருந்து மேலே ஏறிவரும் ஒரு தந்திரக்காரப் பையன். மந்திரம் ஒரு துளி கிடையாது, ஆனாலும் மிகுபுனைவு.

இரா. முருகனின் 'அரசூர் வம்ச'த்தில் முன்னோர்கள் பேச்சுக்குள் சாதாரணமாக வந்துபோவது பிடித்தவர்கள், ஜான் கிரவுலியின் 'லிட்டில், பிக்' (1981) பக்கம் போகலாம். பொறுமை வேண்டும். முதல் நூறு பக்கம் எங்கே போகிறது என்றே தெரியாது.

இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஆயுளை நீட்டிக்கும் நெல்லிக்கனி, அதைத் தான் தின்னாமல் புலவருக்குக் கொடுத்த அதியமான் என்று ஒன்றாம் வகுப்பிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மிகுபுனைவு நமக்கு வெளியூர்ச் சரக்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டாம் படி: நூலகம், அதிலும் கிளை நூலகம்

தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மாவட்ட மைய நூலகங்கள் இருக்கின்றன. முதலில் அங்கே போங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். அரூர், பாலக்கோடு, பென்னாகரம், காவேரிப்பட்டணம், ஊத்தங்கரை போன்ற ஊர்களின் கிளை நூலகங்களில்தான் எனக்கு ஆசை அதிகம். காரணம் இருக்கிறது. தமிழில் சிறு பதிப்பகங்கள் நெடுங்காலமாக நூலக ஆணையை நம்பி நூல் போட்டுவந்தன. பொது நூலகத் துறை வாங்கும் பிரதிகள் மாவட்டம் மாவட்டமாகப் பிரிந்து போகும். பதிப்பகமே மூடிப்போய், சென்னையில் ஒரு பிரதிகூட விலைக்குக் கிடைக்காத நாவல், யாரும் எடுக்காத காரணத்தாலேயே ஒரு கிளை நூலக அலமாரியில் புத்தம் புதிதாக உட்கார்ந்திருக்கும்.

தேடும்போது கவனிக்க வேண்டியவை: அறிவியல் புனைகதை என்று தனி அலமாரி பெரும்பாலும் இருக்காது. நாவல் அடுக்கு, சிறுவர் அடுக்கு, அறிவியல் அடுக்கு, சில சமயம் துப்பறியும் கதை அடுக்கு என்று சிதறிக் கிடக்கும். முதுகில் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு நகராமல், வெளியான ஆண்டையும் பதிப்பகத்தையும் பாருங்கள். பழைய நூல்கள் தங்களை "விஞ்ஞான நாவல்", "விஞ்ஞானக் கதை" என்றே அழைத்துக்கொண்டன. "அறிவியல் புனைகதை" என்று தேடினால் அவை சிக்காது. "மாயாஜாலக் கதை" என்று அட்டை போட்டதையும் தள்ளிவிடாதீர்கள்.

சிறுவர் அடுக்கை ஏளனமாகப் பார்ப்பவர்கள் நிறைய இழக்கிறார்கள். தமிழ் மிகுபுனைவின் ஒரு பெரும் பகுதி அங்கேதான் ஒளிந்திருக்கிறது. வாண்டுமாமாவின் கதைகளைப் பெரியவர்கள் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். ஜெயமோகனின் 'பனி மனிதன்' சிறுவர்களுக்கான நாவல்தான்; இமயமலையில் மனிதன் போன்ற ஒரு உயிரைத் தேடிப் போகும் அதன் கேள்விகள் சிறுவர்களுக்கானவை மட்டும் அல்ல.

நூலகரிடம் பேசுங்கள். "அண்ணா, ரொம்ப நாளா யாரும் எடுக்காத நாவல் எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். விசித்திரமான கேள்விதான். ஆனால் அடுக்குகளைக் கையால் தொட்டுப் பழகியவர்கள் சிரித்துக்கொண்டே ஒரு மூலையைக் காட்டுவார்கள்.

மூன்றாம் படி: ஆய்வேடுகளின் கடைசிப் பக்கங்கள்

இதை யாரும் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளில் அறிவியல் புனைகதை பற்றி ஆய்வுகள் நடந்திருக்கின்றன. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை 'சோத்கங்கா' என்ற தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஆய்வேட்டின் உடலை நீங்கள் படிக்க வேண்டியதில்லை (பெரும்பாலானவை படிக்கும்படி எழுதப்படவும் இல்லை). நேராகக் கடைசிக்குப் போய் "முதன்மை ஆதாரங்கள்" என்ற பட்டியலைத் திறங்கள். ஒரு மாணவர் சில வருடம் அலைந்து சேர்த்த நாவல்களின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். எந்த இணையக் கடையிலும் பார்த்திராத தலைப்புகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அந்தத் தலைப்புகளைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடுங்கள். ஈழத்து நூல் என்றால் 'நூலகம்' தளம். கிடைக்காவிட்டால் பெயரின் எழுத்துகளை மாற்றிப் பாருங்கள்: ஜ இருந்தால் ச, ஷ இருந்தால் ட, முன்னெழுத்து முன்னும் பின்னும். தமிழ் நூல் விவரங்களில் எழுத்துப்பெயர்ப்பு படுத்தும் பாடு கொஞ்சநஞ்சம் அல்ல.

பொதுவெளிக்கு வந்த நூல்களை 'மதுரைத் திட்டம்' 1998 முதல் மின்வடிவாக்கி வருகிறது. நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்தால் உரிமை பொதுவாகிவிடும். 1948இல் மறைந்த புதுமைப்பித்தன் அந்தக் கணக்கில் எல்லோருக்கும் சொந்தம். அவருடைய 'கபாடபுரம்', 'பிரம்ம ராக்ஷஸ்' இரண்டும் சிறுகதைகள், நாவல் அல்ல. ஆனாலும் தமிழில் மிகுபுனைவு எந்த உயரத்தில் தொடங்கியது என்று தெரிந்துகொள்ள இரண்டையும் படித்துவிட்டு மேலே போங்கள். டெலிகிராம் குழுக்களில் சுற்றும் புதிய நாவல்களின் திருட்டு பிடிஎஃப்களை விட்டுவிடுங்கள். சில நூறு பிரதிகள் அச்சிடும் பதிப்பகத்துக்கு அது நேரடி அடி. அடுத்த வினோதமான நாவலை அந்தப் பதிப்பாளர் போடாமல் போனால் நஷ்டம் நமக்கு.

நான்காம் படி: புத்தகத் திருவிழாவில் சின்ன ஸ்டால்கள்

இப்போது மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று நமக்கு மூன்று. பெரிய ஸ்டால்களில் வாங்கக்கூடியதை வருடம் முழுவதும் வாங்கலாம். திருவிழா நேரத்தை ஒற்றை ஸ்டால் பதிப்பகங்களுக்கு ஒதுக்குங்கள். அங்கே நிற்பவர் பெரும்பாலும் பதிப்பாளரே. "நீங்க போட்டதிலேயே விக்காத நல்ல நாவல் எது?" என்று கேளுங்கள். முகம் மலர்ந்து ஒன்றை எடுத்துத் தருவார். வழக்கமான பத்து சதவீதக் கழிவு அந்த ஒரு கேள்விக்கே கூடுதலாகிவிடவும் கூடும்.

தமிழில் சமீப காலத்து உதாரணம் ஒன்று: சுதாகர் கஸ்தூரி எழுதிய '6174'. தலைப்பே கணிதம்தான். எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாத ஏதாவது ஒரு நான்கு இலக்க எண்ணை எடுத்து, இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதிக் கழியுங்கள். விடையை மறுபடி அப்படியே செய்யுங்கள். ஏழு முறைக்குள் 6174இல் வந்து நின்றுவிடும். 3524ஐ எடுத்தால் 5432 – 2345 = 3087; 8730 – 0378 = 8352; 8532 – 2358 = 6174. கண்டுபிடித்தவர் மகாராஷ்டிரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர். இந்த எண்ணைச் சுற்றி ஒரு விறுவிறுப்பான கதை. இதைப் படித்து முடித்தவருக்கு அதே ஆசிரியரின் அடுத்த நாவலைத் தேடச் சொல்ல வேண்டியதில்லை.

சிறுகதை வழியாக வருவதும் நல்ல குறுக்கு வழி. ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பு, சுஜாதாவின் விஞ்ஞானச் சிறுகதைகள், 'அரூ' இணைய இதழ் நடத்திய அறிவியல் சிறுகதைப் போட்டியில் தேர்வான கதைகள் ஆகியவற்றைப் படித்து, பிடித்த பெயர்களை மட்டும் எழுதி வையுங்கள். சிறுகதையில் நம்மைக் கட்டிப்போட்டவர் நாவல் எழுதியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

ஐந்தாம் படி: பெங்களூருக்கு ஒரு நாள்

மாவட்டத்துக்கு வாய்த்த வரம், பெங்களூர் பக்கத்தில் இருப்பது. ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர்தான். ஓசூர் சாலை வழியாகப் போகும் பேருந்தில் பொம்மசந்திராவில் இறங்கி மஞ்சள் தடம் மெட்ரோவைப் பிடித்தால் நெரிசல் தொல்லை இல்லை. ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடம், மெஜஸ்டிக்கில் ஊதாத் தடம் மாறி எம்.ஜி. ரோட்டில் இறங்கலாம். அங்கிருந்து நடந்தால் சர்ச் ஸ்ட்ரீட். 'பிளாஸம்', 'புக்வோர்ம்' போன்ற கடைகளில் பழைய ஆங்கிலப் புத்தகங்கள் அடுக்கடுக்காக இருக்கும்.

அங்கே போய்த் திகைத்து நிற்காமல் இருக்க முதுகை வைத்துத் தேடுங்கள். ஒற்றைக்கொம்புக் குதிரைத் தலைச் சின்னம் போட்ட பாலன்டைன் பதிப்புகள், மேலே சொன்ன லின் கார்ட்டரின் வரிசை (1969 முதல் 1974 வரை). மஞ்சள் முதுகுள்ள மெல்லிய புத்தகங்கள் பெரும்பாலும் 'டா' பதிப்பகத்தின் பழைய வெளியீடுகள். 1971இல் தொடங்கிய இந்தப் பதிப்பகம் அறிவியல் புனைகதைக்கென்றே உருவானது. கொலான்ஸ் பதிப்பகத்தின் 'எஸ்.எஃப். மாஸ்டர்வொர்க்ஸ்' வரிசை இப்போதும் புதிதாகவே கிடைக்கிறது. ஸ்துருகாட்ஸ்கி சகோதரர்கள், ஓலாஃப் ஸ்டேப்பிள்டன் என்று எந்தப் பெயர் அதில் இருந்தாலும் தயங்காதீர்கள். ஸ்துருகாட்ஸ்கிகளின் 'ரோட்சைட் பிக்னிக்' (1972) ஒன்று போதும்: வேற்றுலகத்தவர் பூமிக்கு வந்து, நம்மைக் கண்டுகொள்ளாமலே போய்விட்டார்கள், அவர்கள் போட்டுவிட்டுப் போன குப்பையைப் பொறுக்கிப் பிழைக்கும் மனிதர்களைப் பற்றியது.

பெங்களூரையே பின்புலமாகக் கொண்ட நாவல் வேண்டுமா? லாவண்யா லட்சுமிநாராயணின் 'அனலாக்/வர்ச்சுவல்' (2020) வருங்கால பெங்களூரைத் திறமையால் தரம்பிரிக்கும் நகரமாகக் காட்டுகிறது. வெளிநாட்டில் 'த டென் பர்சன்ட் தீஃப்' என்ற பெயரில் வந்தது. தினமும் ஓசூரிலிருந்து அங்கே வேலைக்குப் போய்வருகிறவர்கள் இதை வேறு மாதிரி படிப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

ஆறாம் படி: விருது பெற்றதை விடுங்கள், விருதுக்கு அருகே வந்ததைப் பாருங்கள்

இந்த வகை நூல்களுக்கான ஹியூகோ விருது 1953 முதலும், உலக மிகுபுனைவு விருது 1975 முதலும், ஆர்தர் சி. கிளார்க் விருது 1987 முதலும் வழங்கப்படுகின்றன. வென்ற நூலை உலகமே படித்துவிடும். நமக்கு வேண்டியது குறும்பட்டியலில் நின்று தோற்றவை. ஹியூகோ அமைப்பு ஒவ்வோர் ஆண்டும் வாக்கு விவரத்தை வெளியிடுகிறது. இறுதிப் பட்டியலுக்கு மயிரிழையில் வராமல் போனவையும் அதில் உண்டு. கிளார்க் விருதோ, போட்டிக்கு அனுப்பப்பட்ட எல்லா நூல்களின் பெயரையும் வெளியிட்டுவிடும். அந்த நீண்ட பட்டியலில் பழகாத பதிப்பகத்தின் பெயர் கண்ணில் பட்டால் அங்கே நில்லுங்கள்.

அந்தக் கிளார்க் விருதை 1997இல் வென்றது அமிதாவ் கோஷின் 'த கல்கத்தா குரோமோசோம்'. மலேரியா ஆராய்ச்சிக்குப் பின்னால் யாரோ இயக்கும் ஒரு ரகசியத்தின் கதை. கோஷை வரலாற்று நாவலாசிரியராக மட்டும் அறிந்தவர்கள் இதைத் தவறவிட்டிருப்பார்கள்.

பழைய இந்தியாவையும் விட்டுவிடாதீர்கள். ரொக்கையா சகாவத் ஹுசைனின் 'சுல்தானாவின் கனவு' 1905இல் வெளியானது, வேறெங்கும் அல்ல, நம் சென்னையில்தான். 'த இந்தியன் லேடீஸ் மேகசின்' என்ற இதழில். ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்க, பெண்கள் சூரிய சக்தியாலும் பறக்கும் வண்டிகளாலும் நாட்டை ஆளும் கதை. இருபது நிமிடத்தில் படித்துவிடலாம்.

ஏழாம் படி: வாங்கும் முன் நடுப்பக்கம்

மறக்கப்பட்ட நாவல்களில் பாதி, மறக்கப்பட வேண்டியவை. அதனால் ஒரு சோதனை. முதல் பக்கத்தைப் படியுங்கள், பிறகு நடுவில் ஒரு பக்கத்தைத் திறங்கள். நடுப்பக்கத்தில் ஒரு விஞ்ஞானி இன்னொருவருக்கு இரண்டு பக்கம் பாடம் நடத்திக்கொண்டிருந்தால் மூடி வையுங்கள். தமிழ் அறிவியல் புனைகதையின் பழைய வியாதி அது. மாறாக, புரியாத பொருளோ பழக்கமோ விளக்கமில்லாமல் இயல்பாகக் கடந்துபோனால் ஆசிரியர் தன் உலகத்தை நம்புகிறார் என்று பொருள். வாங்கலாம்.

ஆங்கிலத்தில் படிக்கத் தயங்குகிறவர்கள் குறுநாவல்களில் தொடங்குங்கள். அகராதியைப் பக்கத்தில் வைக்காதீர்கள். அறிவியல் புனைகதையில் புரியாத சொற்களில் பாதி ஆசிரியரே உண்டாக்கியவை. எந்த அகராதியிலும் கிடைக்காது. நாற்பது பக்கம் தாண்டினால் தானாகப் பிடிபடும். தாண்டியும் பிடிபடவில்லை என்றால் குற்ற உணர்வே இல்லாமல் அடுத்ததை எடுங்கள்.

எட்டாம் படி: எழுதி வையுங்கள், கைமாற்றுங்கள்

தகடூர் என்ற நம் ஊரின் பழைய பெயரிலேயே தொலைந்துபோன ஒரு நூல் உண்டு. தகடூர்ப் போரைப் பாடிய 'தகடூர் யாத்திரை' முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. 'புறத்திரட்டு' போன்ற தொகுப்பில் யாரோ எடுத்து வைத்த சில பாடல்கள்தான் மிச்சம். எடுத்து வைத்தவர் இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

எனவே ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு நாவலுக்கும் தலைப்பு, ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பகம், ஆண்டு, எங்கே கிடைத்தது, யார் சொன்னார் என்று குறியுங்கள். "யார் சொன்னார்" என்ற கட்டம்தான் முக்கியம். கொஞ்ச நாளில் யார் பரிந்துரை உங்களுக்கு ஒத்துப்போகிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். முன்னுரையில் ஆசிரியர் நன்றி சொல்லும் எழுத்தாளர்களையும் சேர்த்துக் குறியுங்கள். அடுத்த ஐந்து நாவல்கள் அங்கிருந்தே வரும்.

நான்கைந்து பேர் சேர்ந்தால் செலவும் குறையும். ஆளுக்கு ஒரு நூல் வாங்கிச் சுற்றில் விடுங்கள். ஓசூரில் ஒருவரும் தர்மபுரியில் ஒருவரும் இருந்தால் வார இறுதியில் ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்பலாம். படித்து முடித்தவர் கடைசிப் பக்கத்துக்குள் ஒரு துண்டுச் சீட்டில் மூன்று வரி எழுதி வைக்க வேண்டும்: எந்தப் பக்கத்தில் இழுத்தது, எங்கே சோர்ந்தது, அடுத்து யாருக்குக் கொடுக்கலாம்.